அமெரிக்காவின் நூற்றாண்டு கடந்த பத்திரிகைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கா தனி நாடாவதற்கு முன்பே தொடங்கப்பட்ட பத்திரிகைகளில் சில நம் காலம்வரை வந்து சேர்ந்திருக்கின்றன. அவற்றைப் பற்றி நண்பர்களும் வாசகர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சில பதில்கள் நீளமாகப் போகும். சொல்ல விஷயம் இருக்கும் இடத்தில் நான் சுருக்கவில்லை.

அமெரிக்காவின் மிகப் பழைய பத்திரிகை எது?

இந்தப் பட்டத்துக்கு முக்கியமாக மூன்று பத்திரிகைகள் உரிமை கொண்டாடுகின்றன. மூன்று பேரும் பொய் சொல்லவில்லை, ஆளுக்கொரு கணக்கு வைத்திருக்கிறார்கள்.

முதலாவது, நியூ ஹாம்ப்ஷயர் கெசட். டேனியல் ஃபௌல் என்ற அச்சகக்காரர் 1756 அக்டோபர் 7 அன்று போர்ட்ஸ்மவுத் ஊரில் இதைத் தொடங்கினார். அதற்கு இரண்டு வருடம் முன்பு பாஸ்டனில், சட்டமன்றத்தைக் கேலி செய்த ஒரு துண்டுப் பிரசுரத்தை அச்சிட்டார் என்ற சந்தேகத்தில் அவரைச் சிறையில் வைத்தார்கள். அந்தக் கசப்பில்தான் அவர் பாஸ்டனை விட்டுக் கிளம்பினார். பழமைதான் அளவுகோல் என்றால் இதை வெல்வது கடினம். ஆனால் இடையில் இந்தப் பெயர் இன்னொரு பத்திரிகைக்குள் கரைந்து, அதன் வார இறுதிப் பதிப்பின் தலைப்பாக மட்டும் சுருங்கிப்போனது. 1989-இல் ஃபௌல் என்ற அதே குடும்பப் பெயர் கொண்ட ஒருவர் அந்தப் பெயரை மீட்டு, மாதம் இருமுறை இதழாக மறுபடி நடத்த ஆரம்பித்தார்.

இரண்டாவது, ஹார்ட்ஃபோர்ட் கூரண்ட். 1764 அக்டோபர் 29 அன்று தாமஸ் கிரீன் இதை 'கனெக்டிகட் கூரண்ட்' என்ற பெயரில் வார இதழாகத் தொடங்கினார். 'இடைவிடாமல் வெளிவரும் மிகப் பழைய பத்திரிகை' என்பது இவர்கள் உரிமை கோரும் பட்டம். 1837-இல்தான் நாளிதழ் ஆனது.

மூன்றாவது, நியூயார்க் போஸ்ட். அமெரிக்காவின் முதல் நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டன் நண்பர்களிடம் பணம் திரட்டி 1801 நவம்பர் 16 அன்று தொடங்கியது. கூரண்டை விட இளையதுதான், ஆனால் முதல் நாளிலிருந்தே நாளிதழ். அதனால் 'மிகப் பழைய நாளிதழ்' என்ற பட்டத்தைக் கேட்கிறது. இதற்கும் ஆட்சேபம் உண்டு. 1978-இல் நியூயார்க் அச்சுத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது அது வாரக்கணக்கில் வெளிவரவில்லை. அதைச் சுட்டிக்காட்டி, 1829 முதல் நாளிதழாக வரும் பிராவிடன்ஸ் ஜர்னல் அந்தப் பட்டம் தனக்குத்தான் என்கிறது.

என் ஓட்டு கூரண்டுக்கு. பெயர் எவ்வளவு பழையது என்பதைவிட, அந்த ஊர்க்காரர் கைக்கு இதழ் விடாமல் போய்ச் சேர்ந்ததா என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

மேரிலாண்ட் கெசட் 1727-இல் தொடங்கியது என்று படித்தேனே?

ஆமாம், அனாபொலிஸ் ஊரில் அந்தப் பெயரில் 1727-இல் ஒரு பத்திரிகை வந்தது. அது நின்றுபோன பிறகு, 1745-இல் ஜோனஸ் கிரீன் அதே பெயரில் இன்னொன்றைத் தொடங்கினார். பின்னாளிலும் அந்தப் பெயர் விட்டுவிட்டுத்தான் வந்தது. பெயர் மட்டும் போதும் என்றால் 1727 சரி. இடைவெளி கூடாது என்றால் சரியல்ல.

அமெரிக்காவின் முதல் பத்திரிகை எது? அது என்ன ஆனது?

ஒரே இதழோடு முடிந்தது. லண்டனிலிருந்து வந்த பெஞ்சமின் ஹாரிஸ் 1690 செப்டம்பர் 25 அன்று பாஸ்டனில் 'பப்ளிக் அக்கரன்சஸ்' என்ற தாளை வெளியிட்டார். மாதம் ஒருமுறை வரும், செய்தி அதிகம் சேர்ந்தால் அடிக்கடியும் வரும் என்று அறிவித்தார். நான்கு பக்கத்தில் மூன்றில்தான் அச்சு. நான்காவது பக்கம் வெறுமையாக விடப்பட்டது. வாங்கிப் படிப்பவர் தன் ஊர்ச் செய்தியைக் கையால் எழுதி அடுத்தவருக்கு அனுப்பிக்கொள்ளலாம். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது.

ஆனால் அனுமதி வாங்காமல் அச்சிட்டிருந்தார். பிரிட்டிஷாருடன் கூட்டுச் சேர்ந்திருந்த பூர்வகுடியினர் பிரெஞ்சுக் கைதிகளைக் கொடுமைப்படுத்தியதையும், பிரெஞ்சு மன்னரின் அந்தரங்கம் பற்றிய வதந்தியையும் வேறு எழுதியிருந்தார். நான்கே நாளில் ஆளுநர் குழு தடை போட்டது. இன்று எஞ்சியிருப்பதாகத் தெரிவது ஒரே ஒரு பிரதி. அதுவும் லண்டன் ஆவணக் காப்பகத்தில்தான் இருக்கிறது.

அடுத்த பத்திரிகை வர 14 வருடம் ஆனது. பாஸ்டன் தபால் அதிபர் ஜான் கேம்ப்பெல் 1704 ஏப்ரல் 24 அன்று தொடங்கிய பாஸ்டன் நியூஸ்-லெட்டர் அது. 'அரசு அனுமதியுடன்' என்று தலைப்பிலேயே போட்டுக்கொண்டது. அரசு பக்கமே கடைசிவரை நின்று, 1776-இல் பிரிட்டிஷ் படை பாஸ்டனைக் காலி செய்தபோது தானும் முடிந்துபோனது.

இவ்வளவு காலம் எப்படித் தாக்குப்பிடித்தன? அன்று விளம்பர வருமானமே குறைவாக இருந்திருக்குமே?

எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி இது. பெரிய ஆசிரியர்களின் பெயர்களைச் சொல்லிப் பதில் தருவார்கள். என் பதில் வேறு: தபால்தான் காப்பாற்றியது.

கேம்ப்பெல் மட்டுமல்ல, அந்தக் காலத்தில் பத்திரிகை நடத்தியவர்களில் பலர் தபால் அதிபர்கள். ஊருக்கு வரும் செய்தி முதலில் அவர்கள் கையில்தான் விழும். இதழை அனுப்பும் வழியும் அவர்களிடமே இருந்தது. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1729-இல் பென்சில்வேனியா கெசட்டை வாங்கியபோது, பிலடெல்பியாவின் தபால் அதிபராக இருந்தவர் போட்டிப் பத்திரிகையின் சொந்தக்காரர். அவர் ஃபிராங்க்ளினின் இதழைக் கொண்டுபோகக் கூடாது என்று தபால்காரர்களுக்கு உத்தரவு போட்டார். ஃபிராங்க்ளின் குதிரைக்காரர்களுக்கு ரகசியமாகக் காசு கொடுத்துத்தான் இதழை அனுப்பவேண்டியிருந்தது. 1737-இல் அந்தப் பதவி அவருக்கே வந்தது. அப்புறம் சந்தாவும் விளம்பரமும் ஏறின.

நாடு விடுதலை அடைந்த பிறகு 1792-இல் வந்த தபால் சட்டம் இன்னும் பெரிய உதவி. ஒரு பத்திரிகையை 100 மைல் வரை அனுப்ப 1 சென்ட், அதற்கு மேல் ஒன்றரை சென்ட். அதே தபாலில் ஒரு தாள் கடிதத்துக்குத் தூரத்தைப் பொறுத்து 6 சென்ட் முதல் 25 சென்ட் வரை. அதாவது கடிதம் எழுதியவர்கள் கொடுத்த காசில் பத்திரிகைகள் பயணம் செய்தன. 1830-களில் தபால் பைகளின் எடையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பத்திரிகைத் தாள்தான், வருமானத்திலோ அதன் பங்கு மிகச் சிறியது.

அதே சட்டத்தில் இன்னொரு வசதியும் இருந்தது. ஒரு பத்திரிகை இன்னொரு பத்திரிகைக்குத் தன் பிரதியைத் தபாலில் இலவசமாக அனுப்பலாம். ஹார்ட்ஃபோர்டில் உட்கார்ந்திருப்பவருக்கு சார்ல்ஸ்டன் இதழும் பிலடெல்பியா இதழும் சும்மாவே வந்து சேரும். அவற்றிலிருந்து வேண்டியதை எடுத்து அச்சுக் கோத்துக்கொள்வார். நிருபர் வைக்கக் காசில்லாத சிறு ஊர்ப் பத்திரிகைகள் உயிர்வாழ்ந்தது இப்படித்தான். 1846-இல் மெக்சிகோ போர்ச் செய்திக்காக நியூயார்க் பத்திரிகைகள் கூட்டாகச் சேர்ந்து அசோசியேட்டட் பிரஸ்ஸை உருவாக்கும்வரை, நாடு முழுக்கச் செய்தி பரவ இதுதான் பெரிய வழி.

இன்னொன்று, பத்திரிகையை மட்டும் நம்பி யாரும் கடை திறக்கவில்லை. அதே அச்சகத்தில் பஞ்சாங்கம், பிரசங்கம், பாடப் புத்தகம், அரசு அறிவிப்பு எல்லாம் அச்சாகும். முன்பக்கத்தில் காகிதமும் மையும் புத்தகமும் விற்பார்கள். சந்தாக்காரர் பணத்துக்குப் பதில் விறகோ தானியமோ கொண்டுவந்தாலும் வாங்கிக்கொள்வார்கள். கூரண்டை நடத்திய ஹட்சன், குட்வின் என்ற இருவர்தான் 1783-இல் நோவா வெப்ஸ்டரின் எழுத்துக்கூட்டல் பாடப் புத்தகத்தை முதலில் அச்சிட்டார்கள். தலைமுறை தலைமுறையாக அமெரிக்கக் குழந்தைகள் படித்த புத்தகம் அது.

கூரண்ட் ஒருமுறைகூட நிற்கும் நிலைக்கு வரவில்லையா?

வந்தது, விடுதலைப் போரின் நடுவே. நியூயார்க் நகரம் பிரிட்டிஷார் கையில் விழுந்திருந்தது. அங்கிருந்த பத்திரிகைகள் ஒன்று ஓடிப்போயின, இல்லை மன்னர் பக்கம் சேர்ந்தன. அந்த நேரத்தில், 1777-இல், கூரண்டின் உரிமையாளர் எபனேசர் வாட்சன் இறந்துபோனார். சின்னக் குழந்தைகளோடு தனியாக நின்ற அவர் மனைவி ஹானா பன்ஸ் வாட்சன் பத்திரிகையை எடுத்து நடத்தினார். சில மாதங்களில், 1778 ஜனவரியில், காகித ஆலை எரிந்தது.

காகிதம் இல்லையென்றால் பத்திரிகை இல்லை. அன்று காகிதம் கந்தல் துணியிலிருந்து செய்யப்பட்டது, கடல் வழியும் அடைபட்டிருந்தது. ஹானாவும், ஆலையில் பங்கு வைத்திருந்த இன்னொரு விதவையான சாரா லெட்யார்டும் கனெக்டிகட் சட்டமன்றத்துக்கு மனு போட்டார்கள். ஆலையைத் திரும்பக் கட்ட லாட்டரி நடத்திப் பணம் திரட்டிக்கொள்ளச் சட்டமன்றம் அனுமதித்தது. ஆலை எழுந்தது, பத்திரிகை தொடர்ந்தது. இன்று கூரண்ட் தன் தலைப்பில் '1764 முதல்' என்று போட்டுக்கொள்ள முடிகிறதென்றால், அந்த இரண்டு பெண்கள் எழுதிய மனுவுக்கு அதில் பெரிய பங்கு உண்டு.

மற்ற பத்திரிகைகளிலும் பெண்கள் இருந்தார்களா?

நிறைய. அச்சகம் வீட்டோடு சேர்ந்து இருந்ததால் மனைவி, மகள் எல்லோருக்கும் அச்சுக்கோக்கத் தெரியும். கணவர் இறந்தால் தொழில் அப்படியே மனைவி கைக்கு வரும்.

சார்ல்ஸ்டனில் எலிசபெத் டிமதி 1739 முதல் சவுத் கரோலைனா கெசட்டை நடத்தினார். அவருடைய கணவர் ஃபிராங்க்ளினின் தொழில் பங்காளி. கணவர் ஒழுங்காகக் கணக்கு அனுப்பியதே இல்லை என்றும், மனைவி பொறுப்பேற்ற பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் துல்லியமான கணக்கு வந்தது என்றும் ஃபிராங்க்ளினே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அவருடைய அண்ணி ஆன் ஃபிராங்க்ளின், கணவர் இறந்தபின் ரோட் ஐலண்டில் அச்சகம் நடத்தி, மகனோடு சேர்ந்து 1758-இல் நியூபோர்ட் மெர்க்குரியைத் தொடங்கினார். பால்டிமோரில் மேரி கேதரின் காடார்ட் ஒரு பத்திரிகையை நடத்தியதோடு தபால் அதிபராகவும் இருந்தார். விடுதலைப் பிரகடனத்தைக் கையெழுத்திட்டவர்களின் பெயர்களோடு 1777 ஜனவரியில் முதலில் அச்சிட்டது அவர்தான். பிரிட்டிஷார் கண்ணில் அந்தப் பெயர்கள் எல்லாம் ராஜத்துரோகிகள். அந்தத் தாளின் கீழே அவர் தன் முழுப் பெயரையும் போட்டார்.

அரசாங்கம் இவர்களைச் சும்மா விட்டதா?

விடவில்லை. நியூயார்க்கில் ஜான் பீட்டர் ஜெங்கரின் வழக்கு எல்லோருக்கும் தெரிந்தது. ஆளுநரை விமர்சித்து எழுதியவற்றை அச்சிட்டதற்காக 1734 நவம்பரில் கைதாகி, எட்டு மாதத்துக்கு மேல் சிறையில் இருந்தார். அவர் மனைவி ஆனா அந்தக் காலம் முழுவதும் பத்திரிகையை நிற்கவிடாமல் நடத்தினார். 1735 ஆகஸ்டில் ஆண்ட்ரூ ஹாமில்டன் என்ற வழக்கறிஞர், எழுதியது உண்மையென்றால் அது அவதூறாகாது என்று வாதாடினார். நீதிபதி ஏற்கவில்லை. ஜூரிகள் ஏற்று விடுதலை செய்தார்கள். சட்டம் உடனே மாறிவிடவில்லை. ஆனால் ஊர்க்காரர்கள் பன்னிரண்டு பேர் இப்படிப்பட்ட வழக்கில் அச்சகக்காரர் பக்கம் நிற்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

1765-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் முத்திரை வரி போட்டது. ஒவ்வொரு இதழும் வரி கட்டிய முத்திரைத் தாளில்தான் வரவேண்டும். பிலடெல்பியாவின் பென்சில்வேனியா ஜர்னல் தன் முதல் பக்கத்தையே கல்லறைக் கல் வடிவில் கோத்து வெளியிட்டது. மேரிலாண்ட் கெசட் முத்திரை வரவேண்டிய இடத்தில் மண்டை ஓட்டை அச்சிட்டது. அடுத்த வருடம் வரி ரத்தானது. வக்கீல்களையும் அச்சகக்காரர்களையும் ஒரே நேரத்தில் பகைத்துக்கொண்ட வரி அது.

விடுதலை கிடைத்ததும் எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. 1798-இல் வந்த தேசத்துரோகச் சட்டத்தைக் கொண்டு ஆளுங்கட்சி எதிர்க்கட்சி ஆசிரியர்களைச் சிறையில் தள்ளியது. எதிர்க்கட்சியின் தாமஸ் ஜெஃபர்சன் அதிபராக ஆட்சிக்கு வந்தபோது காற்று திசை மாறியது. ஜெஃபர்சனும் நாடாளுமன்றமும் நெப்போலியனுக்கு ரகசியமாக 20 லட்சம் டாலர் கொடுத்ததாகக் கூரண்ட் 1806-இல் எழுதியதற்கு, ஹட்சன், குட்வின் மேல் அவதூறுக் குற்றவழக்கு வந்தது. அது உச்ச நீதிமன்றம் வரை போனது. நாடாளுமன்றம் சட்டம் இயற்றிக் குற்றம் என்று சொல்லாத ஒன்றுக்காக, பழைய தீர்ப்புகளிலிருந்து வளர்ந்த மரபுச் சட்டத்தின் பேரில் கூட்டாட்சி நீதிமன்றங்கள் யாரையும் தண்டிக்க முடியாது என்று 1812-இல் தீர்ப்பு வந்தது. அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாக இருக்கும் தீர்ப்பு, ஒரு ஊர்ப் பத்திரிகையின் வம்பிலிருந்து பிறந்தது.

அந்தக் காலப் பத்திரிகைகள் நடுநிலையாக இருந்தனவா?

இல்லை, இருப்பதாகச் சொல்லிக்கொள்ளவும் இல்லை. ஹாமில்டன் போஸ்ட்டைத் தொடங்கியதே ஜெஃபர்சனை எதிர்க்கத்தான். கட்சிச் சார்பு குறையத் தொடங்கியது 1833-க்குப் பிறகு. அந்த வருடம் பெஞ்சமின் டே நியூயார்க் சன் பத்திரிகையை 1 சென்ட்டுக்குத் தெருவில் விற்க ஆரம்பித்தார். மற்றவை 6 சென்ட், அதுவும் வருடச் சந்தா. கட்சிக்காரர் தயவுக்குப் பதில் கூட்டத்தின் காசும் விளம்பரமும் போதும் என்று ஆனபோது எழுத்தும் மாறியது. நல்லதாக மட்டும் மாறவில்லை. 1835-இல் அதே சன், நிலவில் சிறகு முளைத்த மனிதர்களைக் கண்டதாக ஒரு தொடரே எழுதி விற்றது.

அடிமை முறை பற்றி இந்தப் பத்திரிகைகள் என்ன செய்தன?

அதில் காசு பார்த்தன. இதை மழுப்பாமல் சொல்லவேண்டும். தொடர்ந்து வந்த முதல் பத்திரிகையான பாஸ்டன் நியூஸ்-லெட்டர் தொடங்கிய சில வாரங்களிலேயே அடிமை விற்பனை விளம்பரம் வந்துவிட்டது. ஃபிராங்க்ளினின் கெசட்டிலும் வந்தது, கூரண்டிலும் வந்தது. தப்பி ஓடியவரைப் பிடித்துத் தந்தால் சன்மானம் என்ற விளம்பரங்களும் வாரம் தவறாமல் வந்தன. 'விவரம் அச்சகத்தில் கேட்கவும்' என்று சில விளம்பரங்கள் முடியும். அதாவது அச்சகக்காரரே தரகராகவும் இருந்தார்.

நியூ ஹாம்ப்ஷயர் கெசட்டின் அச்சு இயந்திரத்தை இழுத்தவர் பிரைமஸ் என்ற ஆப்பிரிக்கர், டேனியல் ஃபௌலின் அடிமை. அச்சுச் சுதந்திரத்துக்காகச் சிறை போனவரின் வீட்டில், அச்சடித்த கைகளுக்குச் சுதந்திரம் இல்லை.

கூரண்ட் 2000 ஜூலை 4 அன்று, தான் அன்று வெளியிட்ட அடிமை விளம்பரங்களுக்காக முதல் பக்கத்தில் மன்னிப்புக் கேட்டது. தாமதம்தான். ஆனாலும் பழமையைக் கொண்டாடும் பத்திரிகை அந்தப் பழமையின் இந்தப் பக்கத்தையும் தன் வாசகர் முன் வைத்ததை நான் மதிக்கிறேன்.

அந்த ஓடிப்போனவர் விளம்பரங்களுக்கு இன்று வேறொரு பயன் வந்திருக்கிறது. பெயர், வயது, தழும்பு, உடுத்திய துணி, பேசும் மொழி, கையில் இருந்த தொழில் எல்லாம் அவற்றில் இருக்கும். வேறெந்த ஆவணத்திலும் இடம்பெறாத மனிதர்களைப் பற்றி மிஞ்சியிருக்கும் ஒரே சாட்சி பல சமயம் அந்த நாலு வரிதான்.

கறுப்பினத்தவரும் பூர்வகுடியினரும் நடத்திய பத்திரிகைகள்?

1827 மார்ச் 16 அன்று நியூயார்க்கில் சாமுவேல் கார்னிஷும் ஜான் ரஸ்வர்மும் ஃப்ரீடம்ஸ் ஜர்னலைத் தொடங்கினார்கள். எங்கள் வழக்கை நாங்களே வாதாட விரும்புகிறோம், எங்களுக்காக மற்றவர்கள் பேசியது போதும் என்பதுதான் முதல் இதழின் பேச்சு. இரண்டு வருடமே வந்தது. 1884-இல் கிறிஸ்டோபர் பெரி தொடங்கிய பிலடெல்பியா ட்ரிப்யூன்தான் விடாமல் வரும் கறுப்பினப் பத்திரிகைகளில் மூத்தது. தென் மாநிலங்களிலிருந்து வடக்கே குடிபெயரச் சொல்லி லட்சக்கணக்கானோரைத் தூண்டிய சிகாகோ டிஃபெண்டர் (1905) 2019-இல் அச்சை நிறுத்தி இணையத்துக்குப் போனது.

செரோக்கி ஃபீனிக்ஸ் கதை இன்னும் உருக்கமானது. செரோக்கி என்ற பூர்வகுடி இனத்தைச் சேர்ந்த சீக்வோயா என்பவர் தன் மொழிக்குத் தானே எழுத்துகளை உருவாக்கினார். அந்த எழுத்துகளுக்குப் பாஸ்டனில் அச்சு வார்த்து, இன்றைய ஜார்ஜியாவில் இருக்கும் நியூ எகோட்டாவுக்குக் கொண்டுவந்து, 1828 பிப்ரவரி 21 அன்று எலியாஸ் பூடினோ ஆசிரியராக இருந்து செரோக்கியிலும் ஆங்கிலத்திலும் முதல் இதழை வெளியிட்டார்கள். 1834-இல் பணமின்றி நின்றது. மறு வருடம் ஜார்ஜியா மாநிலக் காவல் படை அச்சு இயந்திரத்தையே பறித்துக்கொண்டது. அதன் பிறகு அந்த மக்களையே நாட்டைவிட்டு மேற்கே துரத்தினார்கள். இப்போது அதே பெயரில் ஓக்லஹோமாவிலிருந்து செரோக்கி அரசு வெளியிடுகிறது.

அந்த அச்சு எழுத்துகளைப் பாஸ்டனில் ஏற்பாடு செய்து கொடுத்தது 'அமெரிக்கன் போர்டு' என்ற கிறிஸ்தவ மிஷன் அமைப்பு. யாழ்ப்பாணத்துக்கு 1816-இல் ஆள் அனுப்பி, பின்னர் அங்கே அச்சகம் வைத்ததும் அதே அமைப்புதான். அந்த யாழ்ப்பாண அச்சகத்திலிருந்துதான் 1841 ஜனவரியில் தமிழிலும் ஆங்கிலத்திலும் உதயதாரகை வந்தது. ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் என்ற இரண்டு தமிழர்கள் அதன் முதல் ஆசிரியர்கள். செரோக்கி எழுத்து அச்சேறிய அதே வலைப்பின்னலின் இன்னொரு முனை நம் பக்கம் இருந்திருக்கிறது.

ஜெர்மன், ஸ்பானிஷ் பத்திரிகைகளும் பழையவையா?

ஆம். விடுதலைப் பிரகடனம் ஏற்கப்பட்ட செய்தியை எல்லாருக்கும் முன்பாக 1776 ஜூலை 5 அன்று வெளியிட்டதே பிலடெல்பியாவின் ஒரு ஜெர்மன் மொழிப் பத்திரிகைதான். இன்று வரும் ஸ்பானிஷ் நாளிதழ்களில் நியூயார்க்கின் எல் டியாரியோ தன் கணக்கை 1913-இலிருந்து தொடங்குகிறது.

நியூயார்க் டைம்ஸ், வாஷிங்டன் போஸ்ட் எல்லாம் எப்போது வந்தவை?

இந்த வரிசையில் அவை இளையவை. சிகாகோ ட்ரிப்யூன் 1847, நியூயார்க் டைம்ஸ் 1851, வாஷிங்டன் போஸ்ட் 1877, லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் 1881, வால் ஸ்ட்ரீட் ஜர்னல் 1889. வாஷிங்டன் போஸ்ட் 1933-இல் திவாலாகி ஏலத்தில் போனது. 8,25,000 டாலருக்கு யூஜின் மேயர் எடுத்தார்.

காகிதமே கிடைக்காதபோது என்ன செய்தார்கள்?

பிட்ஸ்பர்க் கெசட் (1786) அலெகெனி மலைகளுக்கு மேற்கே வந்த முதல் பத்திரிகை. அச்சு இயந்திரம் பிலடெல்பியாவிலிருந்து வண்டியில் மலை ஏறி வந்தது. காகிதம் தீர்ந்தபோது பக்கத்துக் கோட்டையிலிருந்து, துப்பாக்கித் தோட்டா சுற்றும் தாளைக் கடன் வாங்கி அச்சிட்டார்கள்.

இதைவிடப் புகழ்பெற்றது 1863-இல் நடந்தது. உள்நாட்டுப் போரில் மிசிசிப்பியின் விக்ஸ்பர்க் நகரம் முற்றுகையில் இருந்தது. அங்கிருந்த டெய்லி சிட்டிசன் பத்திரிகை, சுவரில் ஒட்டும் பூப்போட்ட தாளின் பின்பக்கத்தில் அச்சாகி வந்தது. ஜூலை 4 அன்று விக்ஸ்பர்க்கில் விருந்துண்ணப் போவதாகச் சொன்ன வடக்குப் படைத் தளபதி ஜெனரல் கிராண்டைக் கிண்டல் செய்து, முயலைச் சமைக்கும் முன் முதலில் முயலைப் பிடிக்கவேண்டும் என்று ஜூலை 2 இதழில் எழுதியிருந்தார்கள். சரியாக ஜூலை 4 அன்று நகரம் வீழ்ந்தது. உள்ளே வந்த வடக்குப் படை வீரர்கள், கோத்தபடியே கிடந்த அந்தப் பக்கத்தின் கடைசியில், கிராண்ட் முயலைப் பிடித்துவிட்டார் என்று ஒரு குறிப்பைச் சேர்த்து மீண்டும் அச்சிட்டார்கள்.

என்னிடம் ஒரு பழைய அமெரிக்கப் பத்திரிகைத் தாள் இருக்கிறது. விலை மதிப்புள்ளதா?

பெரும்பாலும் மறுபதிப்பாகவே இருக்கும். ஜார்ஜ் வாஷிங்டன் மறைவைச் சொல்லும் அல்ஸ்டர் கவுண்டி கெசட் (1800 ஜனவரி 4) பல வீடுகளில் பரம்பரைச் சொத்தாக இருக்கிறது. அது 19-ஆம் நூற்றாண்டு முழுக்க நினைவுப் பொருளாக மறுபடி மறுபடி அச்சானது. உண்மையான மூலப் பிரதி மிக அரிது. விக்ஸ்பர்க் தாளும் அப்படித்தான்.

தொட்டுப் பார்த்தே ஓரளவு தெரியும். 1860-களுக்கு முன் வந்தவை கந்தல் துணிக் காகிதம். 200 வருடம் ஆனாலும் துணிபோல் வளையும், நிறமும் அதிகம் மாறாது. அதற்குப் பின் மரக்கூழ்க் காகிதம் வந்தது. பழுப்பேறி, மடித்தால் உடையும். 1776 இதழைவிட 1896 இதழைப் பாதுகாப்பதுதான் நூலகங்களுக்குப் பெரும்பாடு. 1790-ஆம் வருடத் தாள் என்று சொல்லிப் பழுப்பாக நொறுங்கும் காகிதத்தை யாராவது காட்டினால் சந்தேகப்படுங்கள்.

இந்தப் பத்திரிகைகள் இன்று எப்படி இருக்கின்றன?

பல நலமாக இல்லை. 2005-க்குப் பிறகு அமெரிக்கா தன் பத்திரிகைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழந்துவிட்டது. டென்வரின் ராக்கி மவுண்டன் நியூஸ் (1859) 150-வது பிறந்தநாளுக்கு இரண்டு மாதம்கூட இல்லாதபோது, 2009 பிப்ரவரி 27 அன்று மூடப்பட்டது. 1868 முதல் வந்த அட்லாண்டா கான்ஸ்டிட்யூஷனின் வாரிசான நாளிதழ் 2025 டிசம்பர் 31-உடன் அச்சை நிறுத்தி, இணையத்தில் மட்டும் தொடர்கிறது.

கூரண்டின் நிலை எனக்குத் தனிப்பட்ட வருத்தம். 2020 முடிவில் அதன் அச்சுவேலை அடுத்த மாநிலமான மாசசூசெட்ஸுக்குப் போனது. செய்தியாளர்கள் உட்காரும் அலுவலகமும் மூடப்பட்டது. மறு வருடம் ஆல்டன் என்ற முதலீட்டு நிறுவனம் அதன் தாய் நிறுவனத்தை வாங்கியது. இதழ் வருகிறது, '1764 முதல்' என்ற வரியும் வருகிறது. ஆனால் நகரசபைக் கூட்டத்தில் போய் உட்கார எத்தனை பேர் மிச்சம் என்பதுதான் ஒரு ஊர்ப் பத்திரிகையின் உயிர். எரிந்த ஆலையைக் கட்ட 1778-இல் ஊரே லாட்டரிச் சீட்டு வாங்கியது. இன்று முடிவெடுப்பவர்கள் அந்த ஊரில் இல்லை.

வேறு வழிகளும் முளைக்கின்றன. பிலடெல்பியா இன்க்வயரரின் (1829) உரிமையாளர் 2016-இல் அதை ஒரு லாப நோக்கற்ற அமைப்பின் கையில் ஒப்படைத்தார். சால்ட் லேக் ட்ரிப்யூன் 2019-இல் தானே லாப நோக்கற்ற நிறுவனமாக மாறியது.

அனாபொலிஸையும் சொல்லவேண்டும். 2018 ஜூன் 28 அன்று, மேரிலாண்ட் கெசட்டையும் அதன் சகோதர நாளிதழான கேப்பிட்டலையும் வெளியிடும் அலுவலகத்துக்குள் ஒருவன் துப்பாக்கியோடு புகுந்து ஐந்து ஊழியர்களைக் கொன்றான். மிஞ்சிய செய்தியாளர்கள் வாகன நிறுத்துமிடத்தில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு வேலை செய்தார்கள். மறுநாள் காலை இதழ் வந்தது. தலையங்கப் பக்கத்தில் சில வரிகள் தவிர எதுவும் இல்லை, பக்கம் வெறுமையாக விடப்பட்டிருந்தது.

பழைய இதழ்களை எங்கே படிக்கலாம்? காசு கட்டவேண்டுமா?

அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் 'க்ரானிக்கிளிங் அமெரிக்கா' தொகுப்பில் 1756 முதல் 1963 வரையிலான ஏராளமான பத்திரிகைகளின் பக்கங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. மாநிலம், வருடம், சொல் என்று எதை வைத்தும் தேடலாம். காலனி காலத்துத் தாள்களின் பெரிய சேகரிப்பு வுஸ்டர் நகரில் அமெரிக்கன் ஆன்டிக்வேரியன் சொசைட்டியில் இருக்கிறது. அதை 1812-இல் நிறுவியவரே ஐசயா தாமஸ் என்ற பத்திரிகைக்காரர்தான். 1775-இல் பிரிட்டிஷாருக்குப் பயந்து, தன் அச்சு இயந்திரத்தைப் பாஸ்டனிலிருந்து இரவோடு இரவாக வுஸ்டருக்குக் கடத்தியவர்.

தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள். 1800-க்கு முந்தைய ஆங்கில அச்சில், சொல்லின் முதலிலும் நடுவிலும் வரும் 'எஸ்' எழுத்து 'எஃப்' போலவே இருக்கும். கணினி அதை அப்படியே தப்பாகப் படித்து வைத்திருக்கும். ஒரு பெயர் கிடைக்கவில்லை என்றால் எஸ் இருக்கும் இடத்தில் எஃப் போட்டு இன்னொரு முறை தேடிப் பாருங்கள், பல நேரம் கிடைத்துவிடும்.